ஆய்வுகூடத்துக் கருவும் 1895 ஆம் ஆண்டின் சட்டமும்

1978 ஆம் ஆண்டு ஜூலை 25 ஆம் திகதி இங்கிலாந்தின் ஓல்ட்ஹம் நகரப் பொது வைத்தியசாலையில் லூயிஸ் பிரவுண் என்ற பெண் குழந்தை பிறந்தது. தாயின் உடலுக்கு வெளியே ஆய்வுகூடத்தில் கருக்கட்டப்பட்டு, பின்னர் தாயின் கருப்பையில் வைக்கப்பட்டுப் பிறந்த உலகின் முதலாவது குழந்தை அதுவாகும். விஞ்ஞானி ரொபர்ட் எட்வர்ட்ஸ், மகப்பேற்று வைத்திய நிபுணர் பற்றிக் ஸ்டெப்டோ, தாதியாகப் பயின்று ஆய்வுகூடப் பணியில் ஈடுபட்ட ஜீன் பேர்டி ஆகியோரின் நீண்ட கால உழைப்பின் பயனே அப்பிறப்பு. 2010 இல் எட்வர்ட்ஸுக்கு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டபோது ஏனைய இருவரும் உயிருடன் இருக்கவில்லை.

அதே ஆண்டு ஒக்டோபர் 3 ஆம் திகதி கல்கத்தாவில் வைத்தியர் சுபாஷ் முகோபாத்யாயவின் முயற்சியால் மற்றுமொரு பெண் குழந்தை இவ்வழியிற் பிறந்தது. ஆனால் அவரது சாதனையை நம்ப மறுத்த அதிகாரிகள் அவரை அலைக்கழித்தனர். மனமுடைந்த அவர் 1981 இல் தமது உயிரைத் தாமே மாய்த்துக்கொண்டார். அவரது பணி முறையான அங்கீகாரம் பெறுவதற்குப் பின்னர் நெடுங்காலம் சென்றது. விஞ்ஞானம் ஓரடி முன்னே செல்லும்போது அரசும் சமூகமும் ஆயத்தமின்றி நின்றால் அதன் சுமை தனிமனிதரின் தலையில் விழும் என்பதற்கு இவ்வரலாறு ஓர் எடுத்துக்காட்டாகும்.

இன்று இலங்கையில் 'சோதனைக் குழாய்க் குழந்தை' என்பது புதினமன்று. கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலைகள் இச்சிகிச்சையை நீண்ட காலமாக வழங்கி வருகின்றன. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மன்னாரிலிருந்தும் கல்முனையிலிருந்தும் தம்பதியர் நகையை அடகு வைத்தும் காணியை ஈடு வைத்தும் தலைநகருக்கு வருகின்றனர். சிலர் கடல் கடந்து சென்னைக்கும் திருச்சிக்கும் செல்கின்றனர். 2025 ஆம் ஆண்டில் கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலையில் விந்து வங்கி ஒன்று அமைக்கப்பட்டமை பற்றிய அறிவித்தல், அரச மருத்துவத் துறையும் இத்திசையில் அடியெடுத்து வைத்துள்ளமையைக் காட்டுகின்றது.

மருத்துவம் இவ்வளவு தூரம் வந்துவிட்ட போதிலும், இவ்வழியிற் பிறக்கும் பிள்ளையின் தந்தை யார், தாய் யார் என்பதைக் கூறும் தனிச் சட்டம் எதனையும் எமது பாராளுமன்றம் இயற்றவில்லை. மருத்துவத் துறையினர் தமக்கென வகுத்துக்கொண்ட நடைமுறைக் கோவை உண்டு. எனினும் அத்தகைய கோவை வைத்தியரின் ஒழுக்கத்தை நெறிப்படுத்துமேயன்றி, பிள்ளைக்கு உரிமை எதனையும் வழங்காது. சட்டம் மௌனமாயிருப்பதை நடுநிலை எனச் சிலர் கருதலாம். அம்மௌனத்துக்கான விலையைப் பிள்ளையும், தன் உடலைச் சிகிச்சைக்கு ஒப்படைக்கும் பெண்ணுமே செலுத்த நேரிடும் என்பது எமது கருத்தாகும்.

ஒரு பிள்ளைக்கு எத்தனை பெற்றோர்?

கணவனின் விந்தும் மனைவியின் சூலும் ஆய்வுகூடத்தில் இணைக்கப்பட்டு, உருவாகும் முளையம் மனைவியின் கருப்பையிலேயே வைக்கப்படுவது இச்சிகிச்சையின் எளிய வடிவம். 1992 முதல் ஒரேயொரு விந்தணுவை நுண்ணூசி மூலம் சூலினுட் செலுத்தும் முறையும் வழக்கில் உள்ளது. விந்தணுக் குறைபாடுடைய ஆண்களும் தமது சொந்தப் பிள்ளையைப் பெற இது வழி செய்தது. இவற்றில் மூன்றாமவர் எவரும் இல்லை.

விந்தோ சூலோ வேறொருவரிடமிருந்து பெறப்படும்போது நிலைமை மாறுகின்றது. கருவை வேறொரு பெண் சுமந்து பெற்றுக்கொடுக்கும் வாடகைத் தாய் முறையும் வந்து சேரும்போது அது மேலும் சிக்கலாகின்றது. சூலை வழங்கியவர், கருவைச் சுமந்தவர், வளர்க்கவிருப்பவர் என மூன்று பெண்களும், விந்தை வழங்கியவர், வளர்க்கவிருப்பவர் என இரண்டு ஆண்களுமாக ஒரே பிள்ளையின் பிறப்புடன் ஐவர் தொடர்புபடலாம். அத்துடன் முளையத்தை உறைநிலையிற் பல ஆண்டுகள் பேணி வைக்கலாம் என்பதால், காலம் பற்றிய பழைய கணக்கும் பொருந்தாமற் போகின்றது.

தாய் யார் என்பதில் ஐயமே எழாது என்ற நம்பிக்கையில்தான் உலகின் குடும்பச் சட்டங்கள் யாவும் எழுந்தன. தந்தை யார் என்பதற்கே அவை அனுமானங்களை வகுத்தன. இத்தொழில்நுட்பம் அவ்விரு அத்திவாரங்களையும் ஒருங்கே அசைத்துவிட்டது.

நூற்றாண்டு கடந்த சட்டங்கள்

எமது நாட்டில் தந்தைமையை நிர்ணயிக்கும் பிரதான விதி, 1895 ஆம் ஆண்டின் 14 ஆம் இலக்கச் சான்றுக் கட்டளைச் சட்டத்தின் 112 ஆம் பிரிவாகும். வலிதான திருமணம் நிலைத்திருக்கும் காலத்திலோ, திருமணம் முடிவுற்றுத் தாய் மறுமணம் செய்யாதிருக்கையில் 280 நாட்களுக்குள்ளோ பிறக்கும் பிள்ளை அக்கணவனின் சட்டபூர்வமான பிள்ளையே என்பதற்கு அப்பிறப்பு முடிவான சான்றாகும் என அது கூறுகின்றது. இதற்கு இரண்டு விதிவிலக்குகள் உண்டு. கரு உருவாகியிருக்கக்கூடிய காலத்தில் கணவனுக்கு மனைவியிடம் அணுக்கம் இருக்கவில்லை என்றோ, அவர் ஆண்மையற்றவராக இருந்தார் என்றோ நிரூபித்தால் இவ்வனுமானம் உடைந்துவிடும்.

பிள்ளையைப் பழிச்சொல்லிலிருந்து காப்பதற்காக எழுதப்பட்ட நல்ல விதி இது. ஆயினும் ஆய்வுகூடத்தில் கருக்கட்டல் நிகழும் என்பதை 1895 இல் எவரும் கனவிலும் எண்ணியிருக்கவில்லை. மூன்று சூழ்நிலைகளை எண்ணிப் பார்ப்போம்.

முதலாவது: கணவன் கட்டாரில் தொழில் புரிகின்றார். இருவரதும் முளையம் கொழும்பில் உறைநிலையிற் பேணப்பட்டுள்ளது. கணவனின் முழுச் சம்மதத்துடன் அவர் நாட்டில் இல்லாத வேளையில் அது மனைவியின் கருப்பையில் வைக்கப்படுகின்றது. பிள்ளை உடலாலும் உரிமையாலும் அவருடையதே. ஆனால் பிற்காலத்தில் சொத்துத் தகராறு எழுந்தால், கணவனின் கடவுச்சீட்டை நீட்டி 'அணுக்கம் இருக்கவில்லை' என வாதிட உறவினருக்கு இச்சட்டம் வாசலைத் திறந்து வைத்துள்ளது.

இரண்டாவது: இல்லற உறவுக்கு இயலாத ஒருவரின் விந்தணு சத்திரசிகிச்சை மூலம் பெறப்பட்டு, அவரது மனைவி தாயாகின்றார். இன்றைய மருத்துவத்தில் இது இயலும். ஆனால் 112 ஆம் பிரிவின் பார்வையில், ஆண்மையின்மை நிரூபிக்கப்பட்டால் அவரது சொந்தப் பிள்ளையே அவருடையதல்லவென்று ஆகிவிடலாம்.

மூன்றாவது: கணவன் இறந்த பின்னர் உறைநிலை முளையத்தின் மூலம் மனைவி கருவுறுகின்றார். பிள்ளை பிறக்கும்போது 280 நாட்கள் கடந்துவிட்டன. அப்பிள்ளைக்குச் சட்டத்தில் தந்தை யார்? பிரித்தானியாவில் இதே கேள்வி எழுந்தபோது, மரணித்த தந்தையின் பெயரைப் பிறப்புப் பதிவிற் சேர்க்க இடமளித்து 2003 இல் தனிச் சட்டம் இயற்றப்பட்டது. எமது சட்டநூல்களில் அதற்கு விடையில்லை.

தமிழ், முஸ்லிம் மக்களுக்கு இவை ஏட்டுச்சுரைக்காய் வாதங்கள் அல்ல. வட மாகாணத்தின் தேசவழமையில் முதுசமும் தேடிய தேட்டமும் யாருக்குச் செல்லும் என்பது பிள்ளையின் சட்டபூர்வ நிலையிலேயே தங்கியுள்ளது. முஸ்லிம்களின் வழியுரிமை 1931 ஆம் ஆண்டின் 10 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டத்தின்படி இஸ்லாமியச் சட்டத்தைத் தழுவியது. அதில் 'நஸப்' எனப்படும் வம்சத் தொடர்பே பங்கைத் தீர்மானிக்கின்றது. பிள்ளையின் தந்தை யார் என்பது உறுதியாகாதவிடத்து, அப்பிள்ளையின் பங்கு மட்டுமன்றி ஏனைய பங்காளர் அனைவரதும் கணக்கும் ஐயத்துக்குள்ளாகும்.

வாடகைத் தாய் முறையைப் பொறுத்தவரை சட்டத்தின் மௌனம் இன்னும் ஆழமானது. பெற்றெடுத்த பெண்ணையே தாயாகக் கொள்வது பிறப்புப் பதிவின் வழமை. வளர்க்கவிருக்கும் தம்பதியர் பிள்ளையைத் தமதாக்க 1941 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க மகவேற்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் நீதிமன்றை நாட வேண்டியிருக்கும். மகவேற்புக்காகப் பணம் கைமாறுவதை அச்சட்டம் ஏற்பதில்லை. எனவே பணம் கொடுத்துச் செய்யப்படும் உடன்படிக்கை எதுவும் இருட்டிலேயே செய்யப்படும். இருட்டில் எழுதப்படும் உடன்படிக்கையில் எப்போதும் வலியவரின் கையே ஓங்கும்.

மறுபுறத்தில் பெண்ணின் உடல் பற்றி எமது சட்டம் உரத்துப் பேசும் இடமும் ஒன்றுண்டு. 1883 ஆம் ஆண்டின் தண்டனைச் சட்டக்கோவையின் 303 ஆம் பிரிவு, தாயின் உயிரைக் காக்க நல்லெண்ணத்துடன் செய்யப்படுவது தவிர்ந்த எல்லாக் கருச்சிதைவையும் குற்றமாக்குகின்றது. வன்புணர்வுக்குள்ளான பெண்ணுக்கும், உயிர்வாழ இயலாத குறைபாடுடைய கருவைச் சுமக்கும் பெண்ணுக்கும் விலக்களிக்கும் யோசனை 1995 இல் பாராளுமன்றத்தில் முன்வைக்கப்பட்டு எதிர்ப்பினால் கைவிடப்பட்டது. 2017 இலும் அத்தகைய யோசனை எழுந்து தேங்கி நின்றது. இது தொடர்பில் வாசகர் பல்வேறு நிலைப்பாடுகளைக் கொண்டிருப்பர் என்பதை நாம் அறிவோம். இங்கு நாம் சுட்ட விரும்புவது முரண்பாட்டையே. கருப்பையிலுள்ள கருவுக்குச் சிறைத்தண்டனையால் வேலியிடும் அதே சட்டத்தில், உறைகலத்திலுள்ள முளையம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அதனை எத்தனை ஆண்டுகள் வைத்திருக்கலாம், தம்பதியர் பிரிந்தால் அது யாருடையது, யாருடைய சொல்லில் அது அழிக்கப்படலாம் என்பன யாவும் வைத்தியசாலையின் படிவத்துக்கே விடப்பட்டுள்ளன.

மார்க்கமும் மனச்சாட்சியும்

இவ்விடயத்தில் சமயங்கள் வாய்மூடி நிற்கவில்லை என்பது குறிப்பிடத்தக்கது. லூயிஸ் பிரவுண் பிறந்து இரண்டு ஆண்டுகளுக்குள், 1980 மார்ச் மாதத்தில், எகிப்தின் முப்தியாகவிருந்த ஷெய்க் ஜாதுல் ஹக் அலி ஜாதுல் ஹக் இது குறித்துத் தெளிவான பத்வாவை வழங்கினார். கணவன், மனைவி இருவரதும் விந்தும் சூலும் திருமணம் நிலைத்திருக்கையிற் பயன்படுத்தப்பட்டு, அம்மனைவியின் கருப்பையிலேயே வைக்கப்படுமாயின் அது ஆகுமான சிகிச்சையே. மூன்றாமவரின் பங்களிப்பு ஆகாது என்பது அதன் சாரம். 1986 இல் அம்மானில் கூடிய சர்வதேச இஸ்லாமிய பிக்ஹ் அக்கடமி, ஏழு வழிமுறைகளை ஆராய்ந்து அவற்றில் ஐந்தை விலக்கி இரண்டை அனுமதித்தது. வாடகைத் தாய் முறை விலக்கப்பட்டவற்றுள் அடங்கும். நஸபைக் காப்பது ஷரீஆவின் அடிப்படை நோக்கங்களுள் ஒன்றாக இருப்பதே இதற்கான காரணமாகும்.

ஷீஆ அறிஞர் மத்தியில் மாற்றுக் கருத்துகளும் உண்டு. ஈரானில் ஆயத்துல்லா அலி காமெனி 1999 இல் நிபந்தனைகளுடன் சூல் கொடைக்கு இடமளித்தார். 2003 இல் அந்நாட்டுப் பாராளுமன்றம் முளையக் கொடைக்கான சட்டத்தை நிறைவேற்றியது. இலங்கை முஸ்லிம்களுட் பெரும்பான்மையினர் ஸுன்னி ஷாபிஈ மரபைச் சார்ந்தவர்களாதலால் முன்னைய நிலைப்பாடே இங்கு செல்வாக்குடையது. எனினும் அந்நிலைப்பாட்டைப் பின்பற்ற விரும்பும் முஸ்லிம் தம்பதியர் ஒன்றை எண்ணிப் பார்க்க வேண்டும். தமது விந்தும் தமது சூலுமே பயன்படுத்தப்பட்டன, பிறருடையவற்றுடன் கலக்கவில்லை என்பதற்கு அவர்களுக்குச் சட்டம் தரும் உத்தரவாதம் யாது? ஆய்வுகூடங்களைப் பரிசோதிக்கும் சட்டவலுவுள்ள அதிகாரசபை இல்லாதவிடத்து வைத்தியசாலையின் நேர்மையே அவர்களுக்குள்ள ஒரே பாதுகாப்பு. ஆகவே மார்க்கப் பேணுதலுள்ளவர்களுக்கே ஏனையோரைவிட இச்சட்டம் கூடுதலாகத் தேவைப்படுகின்றது.

கத்தோலிக்கத் திருச்சபை 1987 இல் வெளியிட்ட போதனையில், கருக்கட்டலைத் தம்பதியரின் இல்லற உறவிலிருந்து பிரிப்பதையே ஏற்க மறுத்தது. உருவான முதற்கணம் முதல் முளையத்தை மனித உயிராக மதிக்க வேண்டும் என்பது அதன் நிலைப்பாடு. எஞ்சும் முளையங்கள் அழிக்கப்படுவது அதன் பிரதான ஆட்சேபங்களுள் ஒன்றாகும்.

இந்துக்களுக்கு இவ்விடயத்தில் ஒரே பீடத்தின் ஒரே தீர்ப்பு என்பதில்லை. தேவகியின் வயிற்றிலிருந்து உரோகிணியின் வயிற்றுக்கு மாற்றப்பட்டுப் பிறந்தவர் பலராமர் என்ற புராணக் கதை எம்மவருக்குப் பழக்கமானதே. புராணத்தை விஞ்ஞானமாகக் கொள்ள வேண்டியதில்லை. பெற்றவளும் சுமந்தவளும் வேறாயிருத்தல் என்ற எண்ணம் எமது மரபுக்கு அந்நியமானதன்று என்பதை மாத்திரம் அது உணர்த்துகின்றது. அதே மரபில்தான் பிள்ளையில்லாப் பெண்ணை 'மலடி' எனச் சுபகாரியங்களில் ஒதுக்கும் வழக்கமும் நிலவியது. குறைபாடு ஆணிடமும் இருக்கலாம் என்பது மருத்துவத்தில் நிறுவப்பட்ட உண்மையாக இருந்தும், பரிசோதனைக்கு முதலில் அழைத்துச் செல்லப்படுபவள் இன்றும் பெண்ணாகவே இருக்கின்றாள். போரிலும் 2004 ஆம் ஆண்டின் ஆழிப்பேரலையிலும் பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாரை அறிந்த எமது சமூகம், பிள்ளை வேண்டும் என்ற ஏக்கத்தை ஆடம்பரம் எனக் கூற முடியாது.

ஏனைய நாடுகள் கற்ற பாடம்

பிரித்தானியா 1982 இல் மெய்யியலாளர் மேரி வார்னொக் தலைமையில் ஒரு குழுவை அமைத்தது. 1984 இல் அக்குழு அறிக்கை சமர்ப்பித்தது. ஆய்வுக்கான முளையத்தைப் 14 நாட்களுக்கு மேல் வளர்க்கலாகாது என்ற விதி அவ்வறிக்கையில் பிறந்ததே. 1990 இல் சட்டம் இயற்றப்பட்டு, சிகிச்சை நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் சுயாதீன அதிகாரசபை உருவாக்கப்பட்டது. யாருடைய சூலாயினும் கருவைச் சுமந்தவளே சட்டத்தில் தாய் என அச்சட்டம் தெளிவாக்கியது. 2005 ஏப்ரல் முதல் விந்து, சூல் கொடையாளரின் இரகசியம் நீக்கப்பட்டது. அதன் பின்னர் வழங்கப்பட்ட கொடையாற் பிறந்த பிள்ளை 18 வயதை எட்டும்போது கொடையாளர் யார் என அறியலாம். கொடையாளருக்கு அப்பிள்ளை தொடர்பில் எவ்விதப் பொறுப்பும் இல்லை.

முளையம் யாருடையது என்ற கேள்விக்கும் அந்நாட்டுச் சட்டத்தில் விடை இருந்தது. பிரிந்துபோன இணையர் இருவரின் வழக்கில், புற்றுநோய்ச் சிகிச்சையால் இனித் தாயாக முடியாத பெண் உறைநிலை முளையங்களைப் பயன்படுத்தக் கோரினார். ஆண் தமது சம்மதத்தை மீளப்பெற்றார். வழக்கு ஐரோப்பிய மனித உரிமைகள் நீதிமன்றம் வரை சென்றது. முளையம் கருப்பையை அடையும் வரை இருவரதும் சம்மதம் நிலைக்க வேண்டும் என்ற பிரித்தானிய விதியை அந்நீதிமன்றம் 2007 இல் ஏற்றுக்கொண்டது. தீர்ப்பின் கடுமை மனதை உறுத்தலாம். ஆயினும் சிகிச்சைக்கு முன்னரே விதி யாதென இருவருக்கும் தெரிந்திருந்தது என்பதே அங்கு முக்கியமானது.

அண்டை நாடான இந்தியா நேர்மாறான வழியிற் சென்று பின்னர் திரும்பிற்று. 2002 முதல் அங்கு வாடகைத் தாய் முறை வணிகமாகப் பெருகியது. குஜராத்தின் ஆனந்த் நகரம் அதற்கு உலகப் புகழ் பெற்றது. 2008 இல் ஜப்பானியத் தம்பதியருக்காக அங்கு ஒரு பெண் கருவைச் சுமந்தார். பிள்ளை பிறக்கும் முன்னரே தம்பதியர் விவாகரத்துப் பெற்றனர். பிள்ளையை ஏற்க முன்னாள் மனைவி முன்வரவில்லை. சூல் வழங்கியவரோ பெயரறியாதவர். பிறந்த சிசு எந்நாட்டுக் கடவுச்சீட்டுமின்றி மாதக்கணக்கில் நின்றது. வழக்கு இந்திய உச்ச நீதிமன்றம் வரை சென்று, ஈற்றில் பாட்டியின் பராமரிப்பிலேயே அப்பிள்ளை ஜப்பான் செல்ல முடிந்தது. சட்டத்தின் வெற்றிடம் ஒரு சிசுவின் தொட்டிலில் எவ்வாறு வந்து விழும் என்பதை அவ்வழக்கு உலகுக்கு உணர்த்தியது.

பின்னர் இந்தியா 2021 இல் இரண்டு சட்டங்களை இயற்றியது. வாடகைத் தாய் ஒழுங்குபடுத்தற் சட்டம் 2022 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தது. அதன்படி மருத்துவச் செலவும் காப்புறுதியும் தவிர்ந்த கொடுப்பனவு ஆகாது. கருவைச் சுமப்பவர் 25 முதல் 35 வயதுக்குட்பட்ட, திருமணமான, சொந்தப் பிள்ளையுள்ள பெண்ணாக இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒரு தடவை மாத்திரமே அவர் இதற்கு முன்வரலாம். பிறக்கும் பிள்ளையை எக்காரணம் கொண்டும் கைவிடலாகாது. இச்சட்டம் அளவுக்கு மீறி இறுக்கமானது என்றும், ஏழைப் பெண்ணின் உழைப்புக்கு ஊதியத்தை மறுக்கின்றது என்றும் விமர்சனங்கள் உண்டு. எவ்வாறாயினும் இந்தியாவின் கதவு வெளிநாட்டவருக்கு மூடப்பட்டுவிட்டது. ஒரு நாட்டில் கதவு மூடப்படும்போது இவ்வணிகம் சட்டமில்லாத அயல் நாட்டைத் தேடிச் செல்வது அனுபவம் காட்டும் உண்மை. சட்டமில்லாத அயல் நாடுகளில் எமது நாடும் ஒன்றாகும்.

அறியும் உரிமை

சிறுவர் உரிமைகள் சமவாயத்தை இலங்கை 1991 இல் ஏற்று உறுதிப்படுத்தியது. அதன் 7 ஆம் உறுப்புரை, இயன்றவரை தன் பெற்றோரை அறியும் உரிமையைப் பிள்ளைக்கு அளிக்கின்றது. இவ்வுரிமை பறிக்கப்படும்போது நேரும் துயரத்தை அறிய நாம் வேற்று நாட்டு ஏடுகளைப் புரட்ட வேண்டியதில்லை.

1980 களில் இலங்கையிலிருந்து ஆயிரக்கணக்கான சிசுக்கள் நெதர்லாந்து உள்ளிட்ட ஐரோப்பிய நாடுகளுக்கு மகவேற்பின் பெயரில் அனுப்பப்பட்டனர். அவர்களுட் பலரது பத்திரங்கள் போலியானவை என்பதும், தாய்மாராக வேறு பெண்கள் நடித்தனர் என்பதும், பணத்துக்காகச் சிசுக்களைத் திரட்டிய இடங்கள் இருந்தன என்பதும் 2017 இல் நெதர்லாந்துத் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றின் மூலம் வெளிப்பட்டன. அன்றைய சுகாதார அமைச்சர் அவ்வணிகம் நடைபெற்றதை ஏற்றுக்கொண்டார். 2021 இல் விசாரணைக் குழுவொன்றின் அறிக்கையைத் தொடர்ந்து நெதர்லாந்து அரசு வெளிநாட்டு மகவேற்பை இடைநிறுத்தியது. அன்று சிசுக்களாயிருந்தவர்கள் இன்று நாற்பது வயதை எட்டியும் கடந்தும், கையில் பொய்யான பிறப்புச் சான்றிதழுடன் தாயைத் தேடி இந்நாட்டுக்கு வருகின்றனர்.

விந்து வங்கியும் சூல் கொடையும் சட்டமின்றிப் பெருகுமாயின், இன்று பிறக்கும் பிள்ளைகள் நாளை இதே கேள்வியுடன் வைத்தியசாலை வாசலில் நிற்பர். அப்போது காட்டுவதற்குப் பதிவேடு இருக்குமா? ஒரே கொடையாளரின் விந்தினாற் பிறந்த இருவர் அறியாமலே திருமணப் பந்தத்தில் இணையக்கூடிய அபாயமும் உண்டு. உறவுக்குள்ளும் ஊருக்குள்ளும் மணம் முடிக்கும் சிறிய சமூகங்களுக்கு இது புறக்கணிக்கத்தக்க அச்சமன்று.

சம்மதமும் சந்தேகமும்

இனப்பெருக்க உரிமை என்பது பிள்ளை பெறும் உரிமை மாத்திரமன்று. எத்தனை பிள்ளைகள், எப்போது என்பதைத் தம்பதியரும் தனிநபரும் நிர்ப்பந்தமின்றித் தீர்மானிக்கும் உரிமை என 1994 இல் கெய்ரோவில் நடைபெற்ற ஐ.நா. சனத்தொகை மாநாடு அதனை வரையறுத்தது. இந்நாட்டின் சிறுபான்மையினருக்கு இவ்வரையறையின் பொருள் நன்கு விளங்கும்.

2013 இல் கிளிநொச்சி மாவட்டத்தின் கரையோரக் கிராமங்கள் சிலவற்றில், முறையான விளக்கமின்றிப் பெண்களின் கைகளில் கருத்தடை மாற்றுக்குச்சிகள் பொருத்தப்பட்டதாக முறைப்பாடுகள் எழுந்தன. 2019 இல் குருநாகல் போதனா வைத்தியசாலையின் முஸ்லிம் வைத்தியர் ஒருவர், சிங்களத் தாய்மார் ஆயிரக்கணக்கானோருக்கு இரகசியமாகக் கருத்தடை செய்தார் என்ற குற்றச்சாட்டு நாடெங்கும் பரப்பப்பட்டது. அதற்கு ஆதாரம் கிடைக்கவில்லை எனக் குற்றப் புலனாய்வுத் திணைக்களம் நீதிமன்றுக்கு அறிவித்தது. 2023 இல் அவர் மீண்டும் பணியில் அமர்த்தப்பட்டார். ஆனால் அவரும் குடும்பத்தினரும் பட்ட அவலத்தையும், அவ்வதந்தியால் ஒரு சமூகமே எதிர்கொண்ட வெறுப்பையும் எவராலும் ஈடுசெய்ய முடியாது.

முன்னைய சம்பவத்தில் குறைபட்டோர் தமிழ்ப் பெண்கள்; பின்னையதில் குற்றஞ்சாட்டப்பட்டவர் முஸ்லிம் வைத்தியர். இரண்டும் புகட்டும் பாடம் ஒன்றே. நோயாளியின் தாய்மொழியில் விளக்கமளித்து, எழுத்தில் பெறப்பட்டு, பிரதியொன்று அவரிடமே கொடுக்கப்படும் சம்மதப் பத்திரம் பெண்ணைக் காக்கும். நேர்மையான வைத்தியரையும் காக்கும். சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ அச்சிட்ட படிவத்தில் வாசிக்க இயலாத பெண் இடும் கையொப்பம் சம்மதமாகாது.

செய்யவேண்டியவை

சட்டம் கொண்டுவந்தால் குடும்ப இரகசியங்கள் வெளியே வரும், அஞ்சித் தம்பதியர் சிகிச்சையையே கைவிடுவர் என்ற ஆட்சேபம் நியாயமானது. எனவேதான் பதிவேடு இருத்தல் வேறு, அது பகிரங்கமாதல் வேறு என்பதைச் சட்டமே வேறுபடுத்த வேண்டும். அயலவருக்கும் உறவினருக்கும் அது மூடிய ஏடாகவும், வயது வந்த பிள்ளைக்கு மாத்திரம் திறக்கும் ஏடாகவும் இருத்தல் கூடும். எல்லாவற்றையும் தடைசெய்யும் சட்டமும் பயன் தராது. பணமுள்ளவர் விமானம் ஏறுவர். ஏழைகள் இரகசிய இடைத்தரகரிடம் சிக்குவர்.

ஒவ்வொரு சமூகத்தின் மனச்சாட்சிக்கும் இடம்விட்டு, எல்லோருக்கும் பொதுவான குறைந்தபட்ச விதிகளை வகுக்க இயலும் என நாம் நம்புகின்றோம். தம்பதியர் இருவரதும் சம்மதத்துடன் சிகிச்சை மூலம் பிறந்த பிள்ளை எல்லாத் தேவைகளுக்கும் அவர்களது சட்டபூர்வமான பிள்ளையே எனச் சான்றுக் கட்டளைச் சட்டம் திருத்தப்பட வேண்டும். மூன்றாமவரின் கொடையாற் பிறந்த பிள்ளையின் வழியுரிமை முஸ்லிம் தனியார் சட்டத்தில் எவ்வாறு அமையும் என்பதை உலமாக்களுடனும் முஸ்லிம் பெண்களுடனும் கலந்தாலோசித்தே முடிவு செய்ய வேண்டும். சிகிச்சை நிலையங்களுக்கு அனுமதிப்பத்திரம் வழங்கி, ஆய்வுகூடங்களைப் பரிசோதிக்கும் சுயாதீன அதிகாரசபை அவசியம். கொடை பற்றிய விபரங்கள் ஒரே தேசியப் பதிவேட்டிற் பேணப்பட வேண்டும். உறைநிலை முளையத்தின் காலவரையறையும், பிரிவிலும் மரணத்திலும் அதன் கதியும் சிகிச்சைக்கு முன்னரே எழுதப்பட வேண்டும். வாடகைத் தாய் முறையை ஏற்பதா விலக்குவதா என்பதைப் பாராளுமன்றம் வெளிப்படையாக விவாதித்து முடிவு செய்ய வேண்டும். முடிவு எதுவாயினும் பிறந்துவிட்ட பிள்ளை பெற்றோரின்றியும் நாடின்றியும் நிற்கலாகாது.

எமது மக்கள் பிரதிநிதிகள் இதனைச் சிறிய விடயம் எனத் தள்ளிவைத்தல் ஆகாது. அதிகாரப் பகிர்வும் காணிப் பிரச்சினையும் பேசப்படும் சபையில், பிறக்கப்போகும் பிள்ளையின் பெயருக்கு முன்னால் எழுதப்படவேண்டிய தந்தையின் பெயர் பற்றியும் பேசப்பட வேண்டும். பிள்ளை தான் எவ்வழியிற் பிறக்க வேண்டும் எனத் தெரிவு செய்வதில்லை. தெரிவு செய்தவர்கள் பெரியவர்கள். அத்தெரிவுக்கான பொறுப்பைப் பெரியவர்களின் சட்டம் ஏற்க வேண்டும் என்பதே நாம் வலியுறுத்த விரும்புவதாகும்.